ஃபுட்போர்டு விளக்கு அணைந்துவிட்டதா? பிக்கப் டிரக்கின் எல்இடியை வீட்டிலேயே மாற்றும் வழி

இரவில் டிரக்கின் கதவைத் திறந்ததும் ஃபுட்போர்டின் மேல் விழ வேண்டிய வெளிச்சம் விழவில்லை என்றால், பெரும்பாலானோர் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுவார்கள். வண்டி ஓடுகிறது, முகப்பு விளக்கு எரிகிறது, இதற்கென்ன அவசரம் என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஃபோர்டு எஃப்-150, ராம் 1500, ஜிஎம்சி சியரா போன்ற முழு அளவு பிக்கப்கள் தரையிலிருந்து நல்ல உயரத்தில் நிற்பவை. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா, ஜனவரி இரவில் டொராண்டோவிலோ டெட்ராய்ட்டிலோ கடை வாசலில் புடவையைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார் என்றால், படி எங்கே முடிகிறது, அதில் பனி உறைந்திருக்கிறதா என்பதை அவருக்குக் காட்டுவது அந்தச் சின்ன எல்இடி ஒன்றுதான். அதை மாற்றுவது கடினமான வேலையும் இல்லை. வயரை உரித்து இணைக்கத் தெரிந்த யாரும் ஒரு மதியப் பொழுதில் முடித்துவிடலாம்.

கதவைத் திறந்தால் தானாக வெளியே நீண்டு, மூடினால் உள்ளே மடங்கும் மின்விசை ஃபுட்போர்டை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நிலையான ஃபுட்போர்டு உள்ளவர்களுக்கும் நகரும் பாகங்களைப் பற்றிய பகுதி தவிர மற்றதெல்லாம் பொருந்தும். இந்த மடங்கும் படிகளைப் பரவலாக்கியதில் முக்கியமான பெயர் ஏஎம்பி ரிசர்ச். அதைத் தொடங்கிய ஹார்ஸ்ட் லைட்னர் ஆஸ்திரியாவில் பிறந்த மோட்டார்சைக்கிள் பந்தய வீரர். மலைச் சைக்கிள்களின் பின்சக்கர சஸ்பென்ஷனில் 'ஹார்ஸ்ட் லிங்க்' என்று இன்றும் அவர் பெயரில் ஓர் இணைப்பு உண்டு. ஃபுட்போர்டைத் தாங்கும் கை எவ்வளவு நேர்த்தியாகச் சுழன்று மடங்குகிறது என்று கீழே படுத்துப் பார்க்கும்போது அந்தப் பின்னணி புரியும்.

எது அணைந்திருக்கிறது?

புதிதாக வண்டி வாங்கியவர்கள் குழம்பும் முதல் இடம் இது. பக்கக் கண்ணாடியின் அடியிலிருந்து தரையில் வெளிச்சம் விழும் விளக்கு வேறு, ஃபுட்போர்டு விளக்கு வேறு. கதவைத் திறந்து, குனிந்து, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மடங்கும் படிகளில் விளக்குகள் பெரும்பாலும் பலகையில் இருக்காது. அதைத் தாங்கும் கைகளுக்கு அருகே, வண்டியின் அடிப்பக்கத்தில், பலகையை நோக்கிக் கீழ்முகமாக இருக்கும். பக்கத்துக்கு இரண்டு என்பது பொதுவான ஏற்பாடு. நிலையான பலகைகளில் விளக்கு பலகையின் விளிம்புக்குள்ளேயே பதிந்திருப்பதும் உண்டு.

அணைந்திருக்கும் விதமே பாதி விடையைச் சொல்லிவிடும். நான்கும் ஒரே சமயத்தில் போயிருந்தால் விளக்கின் மேல் பழி போடாதீர்கள். நான்கு எல்இடிகள் ஒரே நாளில் சாவது அபூர்வம், ஃப்யூஸையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் அந்தப் பக்கத்துக்குப் பிரியும் வயரிலோ கனெக்டரிலோ கோளாறு. ஒன்று மட்டும் போயிருந்தால்தான் விளக்கே கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். மினுக்கிக்கொண்டே இருந்தால், குறிப்பாக மழைக்குப் பிறகு, தண்ணீர் புகுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளையாக எரிந்தது ஊதாவாக மாறியிருந்தால் எல்இடியின் மேலிருக்கும், அதன் நீல ஒளியை வெள்ளையாக்கும் பாஸ்பர் பூச்சு கெட்டுவிட்டது. அதற்கு மாற்றுவது தவிர வேறு வைத்தியம் இல்லை.

கை நசுங்காமல் இருக்க

மின்விசைப் படிக்கு நீங்கள் அடியில் படுத்திருப்பது தெரியாது. யாராவது கதவை மூடினால் அது மடங்கும். தடை பட்டால் நின்றுவிடும் பாதுகாப்பு ஏற்பாடு பல வண்டிகளில் உண்டு என்றாலும், விரலை வைத்து அதைச் சோதித்துப் பார்க்கும் வேலை வேண்டாம். எஃப்-150 போன்ற வண்டிகளின் டாஷ்போர்டு மெனுவில் படியைத் தானியங்கி நிலையிலிருந்து மாற்றி, வெளியே நீண்டபடியே நிறுத்தும் தெரிவு உண்டு. அதைத் தேர்ந்தெடுங்கள். படி நீண்டு நின்றதும் சாவியை வண்டியை விட்டுத் தள்ளி வைத்துவிட்டு, படிக்கு மின்சாரம் தரும் ஃப்யூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எந்த ஃப்யூஸ் என்பது வண்டிக்கு வண்டி மாறும். உரிமையாளர் கையேட்டில் ஃப்யூஸ் பட்டியலைத் தேடினால் கிடைக்கும். ஃப்யூஸ் பெட்டி மூடியின் உட்புறத்திலும் பார்த்துவிடுங்கள்.

வண்டியை ஜாக்கியில் தூக்கத் தேவையில்லை. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும். பிக்கப்பின் அடியில் மல்லாந்து படுக்க இடம் தாராளமாகவே இருக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் கட்டாயம் போடுங்கள். சட்டகத்தைத் தொட்டாலே துருவும் உப்பும் மண்ணும் நேரே முகத்தில்தான் உதிரும்.

விளக்கை வாங்குவதற்கு முன் வயரைச் சோதியுங்கள்

இந்த வேலையில் பணம் வீணாவது இங்கேதான். புது விளக்கை வாங்கி மாட்டியும் எரியாமல், 'சரக்கு சரியில்லை' என்று திருப்பி அனுப்புபவர்கள் ஏராளம். கோளாறு விளக்கில் இருப்பதைவிட அதற்குப் போகும் வயரிலும் கனெக்டரிலும் இருப்பதே அதிகம். காரணம் எளிது. ஒன்டாரியோ, மிச்சிகன், ஒஹாயோ போன்ற இடங்களில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு தூவுவார்கள். முன்சக்கரம் வாரியடிக்கும் உப்புநீர் நேராகப் போய் விழும் இடம் இதுதான். செம்பு வயரில் உப்புநீர் ஏறினால் பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பு பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே விரல் நீளத்துக்கு ஊர்ந்து போயிருக்கும், வெளியே பார்த்தால் வயர் புத்தம் புதிதாகவே தெரியும்.

ஃப்யூஸைத் திரும்பப் போட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். விளக்கின் கனெக்டரைக் கழற்றி, மல்ட்டிமீட்டரை (வோல்ட் அளக்கும் கருவி) டிசி 20 வோல்ட்டில் வைத்து, வயர்ப் பக்கத்து முனைகளில் அளவெடுங்கள். எஞ்சின் ஓடாதபோது நல்ல பேட்டரி 12.4 முதல் 12.7 வோல்ட் வரை காட்டும், விளக்கின் முனையிலும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். பல வண்டிகளில் இந்த விளக்குகள் சிறிது நேரத்தில் தானாக அணைந்துவிடும். பூஜ்யம் காட்டினால் பதறாமல் கதவை மூடித் திறந்து மறுபடி அளந்து பாருங்கள். கதவை மூடும்போது படி மடங்கக்கூடும் என்பதால் அந்தச் சமயம் கை வெளியே இருக்கட்டும்.

இதில் மீட்டர் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. களிம்பு தின்று ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. சுமை ஏறினால்தான் அந்த வயரின் குட்டு உடையும். உதிரிபாகக் கடையில் 194 என்ற எண்ணில் கிடைக்கும் சிறிய பழைய இழைப் பல்பு இதற்கு அருமையான கருவி. அது கால் ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். அதன் இரு கால்களிலும் வயர் கட்டி, விளக்கின் இடத்தில் பிடித்துப் பாருங்கள். நன்றாக எரிந்தால் வயர் சரி, விளக்குதான் போய்விட்டது. மங்கலாக எரிந்தால், அல்லது வயரை லேசாக ஆட்டும்போது அணைந்து எரிந்தால், விளக்கைக் குறை சொல்லாமல் வயரைப் பின்தொடருங்கள்.

எதிர்முனையில், அதாவது எர்த் பக்கத்தில், சந்தேகம் இருந்தால் இன்னொரு சோதனை. பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையை விளக்கின் கறுப்பு வயரிலும் மறு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வையுங்கள். பத்தில் ஒரு வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் எர்த் இணைப்பில் துரு. கறுப்பு என்று சொன்னேன், வயர் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். எது பாசிட்டிவ் என்பதை மீட்டரிலேயே உறுதிசெய்து, வெள்ளை டேப்பில் குறித்து வையுங்கள்.

வயரைத் தேடும்போது படியைத் தாங்கும் கை சுழலும் இடத்தை முதலில் பாருங்கள். படி ஒவ்வொரு முறை நீண்டு மடங்கும்போதும் அங்கே வயர் வளைகிறது, அல்லது வயரைக் கட்டிய பிளாஸ்டிக் டை அறுந்து உலோக விளிம்பில் உரசுகிறது. உறையின் மேல் நகத்தால் அழுத்திக்கொண்டே வந்தால், உள்ளே செம்பு முறிந்த இடத்தில் வயர் தொளதொளவென்று மடியும்.

எந்த விளக்கை வாங்குவது

தொழிற்சாலை விளக்குகள் பெரும்பாலும் பிசினால் நிரப்பி மூடப்பட்டவை. உள்ளே இருக்கும் எல்இடியை மட்டும் மாற்ற முயல வேண்டாம். முழு விளக்காகத்தான் மாற்ற வேண்டும். வண்டியின் அடையாள எண்ணை (விஐஎன்) கொடுத்து அதே பாகத்தை டீலரிடம் வாங்கலாம். படியைச் செய்த நிறுவனத்தின் மாற்று விளக்கு தனியாகக் கிடைத்தால் அதுவும் நல்லதே, பெரும்பாலும் விலையும் குறையும். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழிதான்.

பொதுச் சந்தையில் வாங்குவதானால் மூன்று விஷயம் கவனியுங்கள். வெள்ளை எல்இடி ஒன்றுக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். அதனால் மூன்றைத் தொடராகக் கோத்து, மீதி வோல்ட்டை ஒரு ரெசிஸ்டரில் இறக்குவதுதான் மலிவான விளக்குகளின் உள்ளமைப்பு. எஞ்சின் ஓடும்போது வண்டியில் 14 வோல்ட்டுக்கு மேல்கூட ஏறும், அந்தக் கூடுதல் முழுக்க வெப்பமாகும். ஆகவே '12 வோல்ட்' என்று மட்டும் போட்டிருப்பதை விட்டுவிட்டு, '9 முதல் 16 வோல்ட்' என்பது போல வரம்பு குறித்திருப்பதை எடுங்கள். அடுத்தது நீர்க்காப்பு. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள், பிரஷர் வாஷரின் பீச்சலைத் தாங்கும் என்று பொருள் இல்லை. அதற்கு ஐபி69கே என்று தனித் தரம் உண்டு. கார் வாஷுக்கு அடிக்கடி போகிறவர்கள் அதைத் தேடுங்கள். நிறத்தைப் பொறுத்தவரை, தொழிற்சாலை வெளிச்சத்தோடு ஒத்துப்போக 5000 முதல் 6000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வரை பாருங்கள். ஒரு விளக்கு மட்டும் மாற்றினால் பழையதற்கும் புதியதற்கும் நிற வேறுபாடு தெரியத்தான் செய்யும். அது உறுத்தும் என்றால் அந்தப் பக்கத்து இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

நீலம், சிவப்பு, நிறம் மாறும் பட்டைகள் எல்லாம் கடையில் கவர்ச்சியாகத் தொங்கும். தவிருங்கள். கலிபோர்னியா வாகனச் சட்டம் 25105ஆம் பிரிவு ஃபுட்போர்டு விளக்குக்கு வெள்ளை, பச்சை இரண்டை மட்டுமே அனுமதிக்கிறது. கண்ணைக் கூசக் கூடாது, வண்டியின் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ தெரியவும் கூடாது. வேறு பல மாநிலங்களில் வெள்ளையும் ஆம்பரும் (மஞ்சள் கலந்த ஆரஞ்சு) மட்டும். எந்த மாநிலத்துக்கு ஓட்டிப்போனாலும் வெள்ளையால் வம்பு வராது.

கழற்றி மாட்டுதல்

கருவிகள்: மல்ட்டிமீட்டர், நட்சத்திர முனையுள்ள டார்க்ஸ் ஸ்க்ரூடிரைவர்கள், பிளாஸ்டிக் நெம்பி, வயர் உரிப்பான், நல்ல ரேட்செட் கிரிம்பர் (இணைப்பை வயரோடு நசுக்கிப் பிடிக்க வைக்கும் கருவி), உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் இணைப்புகள் (சூடுபட்டால் சுருங்கும் உறையுள்ளவை), ஹீட் கன், ஐசோபிரைல் ஆல்கஹால், சிலிக்கான் டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்), வெயில் தாங்கும் கறுப்பு கேபிள் டை. கிரிம்பர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். மற்ற எல்லாவற்றிலும் மலிவானதே போதும்.

முதல் நாள் இரவே படியின் அடிப்பாகத்தைச் சாதாரணக் குழாய் நீரில் கழுவிக் காயவிடுங்கள். மறுநாள் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, பழைய விளக்கு எப்படிப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். ஸ்க்ரூ என்றால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, கால் மணி நேரம் பொறுத்துக் கழற்றுங்கள். கிளிப் என்றால் குளிரில் பிளாஸ்டிக் நொறுங்கும் என்பதால் ஹீட் கன்னில் லேசாகச் சூடு காட்டிவிட்டு நெம்புங்கள். ஒட்டியிருந்தால் மீன் தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு அறுத்தால் சுலபமாக வந்துவிடும். கழற்றுவதற்கு முன் வயர் எந்த வழியாகப் போகிறது, எங்கெங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அதுதான் உங்கள் வரைபடம்.

புது விளக்கில் அதே கனெக்டர் இருந்தால் வேலை எளிது. முனைகளை ஆல்கஹாலில் துடைத்து, ரப்பர் சீல் கிழியவில்லை என்று பார்த்து, சீலின் மேல் கிரீஸ் தடவி, 'க்ளிக்' என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். கனெக்டர் வேறு என்றால், அல்லது களிம்பு ஏறியிருந்தால், வயரை வெட்டித்தான் இணைக்க வேண்டும்.

அந்த இணைப்புதான் இந்த வேலையின் உயிர், அதனால் அவசரப்பட வேண்டாம். பளபளவென்று செந்நிறம் தெரியும்வரை வயரை வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்திருந்தாலும் பச்சை பூத்திருந்தாலும் இன்னும் வெட்டுங்கள். நீளம் பற்றவில்லை என்றால் 18 கேஜ் வயரில் (கேஜ் என்பது வயரின் தடிமன் எண், எண் ஏறினால் வயர் மெல்லியது) ஒரு துண்டு சேர்த்துக்கொள்ளலாம். முனையில் கால் அங்குலத்துக்குச் சற்று மேல் உரித்து, ஒரு இழையும் வெளியே பிதுங்காமல் சிவப்பு நிற இணைப்புக்குள் செலுத்துங்கள். சிவப்பு 22 முதல் 18 கேஜுக்கு, நீலம் 16, 14க்கு. மெல்லிய வயரை நீலத்தில் போட்டால் கிரிம்ப் பிடிக்காது. அழுத்தியதும் இரு பக்கமும் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள், இப்போதே பிடுங்கிக்கொண்டு வந்தால் நல்லதுதான். பிறகு ஹீட் கன்னை நடுவிலிருந்து முனை நோக்கிக் காட்டுங்கள். குழாய் சுருங்கி, இரு ஓரத்திலும் பசை மெல்லிய வளையமாகக் கசிய வேண்டும். அந்த வளையம் தெரியாத இடத்தில் தண்ணீருக்கு வழி இருக்கிறது என்று பொருள்.

சால்டர் செய்தால் இன்னும் உறுதி என்று சிலர் சொல்வார்கள். வீட்டு ரேடியோவுக்கு அது சரி. ஓயாமல் அதிரும் வண்டியில், ஈயம் ஊறி விறைத்த இடமும் வளையும் வயரும் சந்திக்கும் புள்ளியில் வயர் முறியும். வயரைக் குத்திக்கொண்டு இணைக்கும் 'ஸ்காட்ச்லாக்' வகைக் கிளிப்புகள் அதைவிட மோசம். உப்பு உள்ளே போகக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம்.

எல்இடிக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் முக்கியம். மாற்றிக் கொடுத்தால் எரியாது, சிலவகை கெட்டும் போகும். அதனால் நிரந்தரமாகக் கிரிம்ப் செய்வதற்கு முன் ஃப்யூஸைப் போட்டு, வயரைத் தற்காலிகமாகத் தொடுத்து எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். அந்தச் சமயம் இரு வயரும் ஒன்றோடொன்று உரசிவிடக் கூடாது. இன்றைய வண்டிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டியே மின்சாரத்தைக் கண்காணிக்கிறது. ஷார்ட் ஆனால் அந்தத் தடத்தை மூடிவிடும், பலமுறை ஆனால் திறக்கவே மறுக்கும் வகைகளும் உண்டு. அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் ஒரு பெட்டி விளக்கு வாங்கலாம்.

புது விளக்குக்குத் தனியாக எர்த் கொடுக்க நேர்ந்தால் எஃப்-150காரர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். 2015 மாடலிலிருந்து அதன் உடற்பகுதி அலுமினியம், சட்டகம் மட்டும் இரும்பு. அலுமினியத் தகட்டில் சாதாரண இரும்பு ஸ்க்ரூவை முடுக்கினால், உப்புநீர் பட்டதும் இரு உலோகமும் சேரும் இடத்தில் அலுமினியம் அரிபடத் தொடங்கும். ஏற்கனவே வரும் எர்த் வயரிலேயே சேர்த்துவிடுவதுதான் உத்தமம். அதற்கு வழியில்லை என்றால், சட்டகத்தில் தொழிற்சாலை கொடுத்திருக்கும் எர்த் போல்ட்டைத் தேடிப் பிடியுங்கள்.

ஒட்டும் வகை விளக்கானால் இடத்தை ஆல்கஹாலில் துடைத்து, முழுதாகக் காய்ந்த பிறகு அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். 3எம் விஹெச்பி போன்ற டேப் அறை வெப்பத்தில் முழுப் பலம் பெற 72 மணி நேரம் எடுக்கும். 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. நவம்பரில் ஒட்டுவதானால் சூடான கராஜுக்குள் வண்டியை விட்டுத்தான் ஒட்ட வேண்டும். மூன்று நாள் கார் வாஷ் பக்கம் போகாதீர்கள்.

வயரை டையால் கட்டும்போது சுழலும் கைக்கு அருகே சிறிது தளர்வு விடுங்கள். தளர்வு கீழ்நோக்கித் தொங்கும் வளைவாக இருந்தால் தண்ணீர் கனெக்டருக்குள் ஓடாமல் அந்த வளைவில் சொட்டிவிடும். கட்டிய பிறகு ஃப்யூஸைப் போட்டு, மெனுவில் படியைத் தானியங்கி நிலைக்கு மாற்றி, ஒருவர் கதவை இயக்க, நீங்கள் தள்ளி நின்று டார்ச் அடித்து வயரை மட்டும் பாருங்கள். எந்த இடத்திலும் இழுபடவோ நசுங்கவோ கூடாது. நான்கு கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், ஏனென்றால் பின்கதவு முன்கதவு இரண்டும் ஒரே படியைத்தான் இயக்குகின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் நான்கு விளக்கும் எரியவில்லை, ஃப்யூஸும் நன்றாக இருக்கிறது, படியும் சரியாக நகரவில்லை என்றால், கோளாறு கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கலாம். அதற்கு வண்டியின் கணினியைப் படிக்கும் கருவி வேண்டும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நீங்கள் எடுத்த மீட்டர் அளவுகளை எழுதிக்கொண்டு போனால் அவர் தேடும் நேரமும் உங்கள் கூலியும் குறையும்.

குளிர்காலத்தில் உப்பு படிந்தால் அடிப்பாகத்தைக் குழாய் நீரில் அலசுங்கள். பிரஷர் வாஷர் அடித்தால் விளக்கிலிருந்து இரண்டடி தள்ளிப் பிடியுங்கள். சுழலும் மூட்டுகளில் சிலிக்கான் ஸ்ப்ரே அடிப்பது நல்லது. அடிக்கும்போது பலகையின் மேல்பக்கத்தில் துணியைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள், அங்கே சிலிக்கான் பட்டால் கால் வழுக்கும்.